துயர் துடைக்கப் பயின்றோர்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில் நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை என்னும் ஊர்களையும் பின்னிட்டுச் சென்றால் பாறசாலை வரும். அதற்கப்பால் சிறு தொலைவிலே களியக்காவிளை. முன்னது கேரளம், பின்னது தமிழ்நாடு. இடையிலே மலை என்று சொல்லத்தக்கதோ பேராறு என்று சொல்லத்தக்கதோ ஒன்றுமில்லை. கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. பேருந்தின் நிறம் மாறுகிறது. பேச்சு மட்டும் மாறத் தயங்குகிறது. இருபுறத்தாரும் மலையாளச் சொல் கலந்த தமிழையும் தமிழ்ச் சொல் கலந்த மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசுகின்றனர். மும்பையிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழர்க்கு ஊர் என்பது இரயிலில் ஏறிச் சென்றடையும் இடம். இவ்வெல்லைக் கிராமங்களில் வாழும் தமிழரோ இருந்த இடத்தில் இருந்துகொண்டே 1956இல் வேற்று மாநிலத்தவரானோர்.

இப்பகுதியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் ஏட்டை இன்று புரட்டிப் பார்ப்போம். நிலநடுக்கம், பெருவெள்ளம், புயல், கொள்ளைநோய் ஆகியவை ஒரு நாட்டைத் தாக்கும்போது, பிற நாடுகளிலிருந்து பயிற்சி பெற்ற குழுக்கள் விமானமேறி விரைகின்றன. 1988இல் ஆர்மீனியாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது அயல்நாட்டுக் குழுக்கள் பல ஒரே நேரத்தில் வந்து இறங்கி, ஒன்றன் முறை மற்றொன்றுக்குப் புரியாமல் இடர்ப்பட்டன. அதன் விளைவாக 1991இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் தேடுதல் மீட்புக் குழுக்களுக்கான ஆலோசனை அமைப்பு ஒன்று தோன்றி, இப்பயிற்சிகளுக்குப் பொதுவான அளவுகோல்களை வகுத்தது. எனவே, துயர் துடைப்போரைப் பயிற்றுவித்தல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த கலை என்று பலரும் எண்ணுகின்றனர். யாரைத் தேர்ந்தெடுப்பது, எம்மொழியிற் கற்பிப்பது, கற்றவர் ஓடிவிடாமல் எவ்வாறு தக்கவைப்பது, ஆசிரியர் இல்லாதபோது அவர்கள் என் செய்வர் என்னும் கேள்விகளெல்லாம், நாம் மேலே குறித்த இப்பெருவழியின் இருமருங்கிலும் ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டன.

1860ஆம் ஆண்டைக் கவனிப்போம். தென் திருவிதாங்கூரில் மழை பொய்த்தது. குளங்கள் வறண்டன. இப்பகுதியின் ஏழை மக்களிற் பெரும்பாலோர் பனையை நம்பி வாழ்ந்தவர். பதநீரும் கருப்பட்டியும் பனங்கிழங்குமே அவர்தம் வாழ்வு. நெல்லின் விலை ஏறியபோது கருப்பட்டியை விற்று அரிசி வாங்க இயலவில்லை. பஞ்சத்தின் பின்னாலேயே வாந்திபேதி வந்தது. ஒரு வீட்டில் காலையில் ஒருவர் கிடந்தால் மாலைக்குள் மூவர் கிடப்பர். சமஸ்தானத்தில் ஆயில்யம் திருநாள் அரியணை ஏறிய ஆண்டு அது, டி. மாதவராவ் திவான். பூவாற்றிலிருந்து தெற்கே கடற்கரையை ஒட்டி அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை வெட்டும் பணியும் அவ்வாண்டிலேயே தொடங்கியது.

அப்போது பாறசாலையில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த சாமுவேல் மெட்டீர் என்னும் இளைஞர் பணிபுரிந்தார். 1859இல் அங்கு வந்தவர். 1861இல் திருவனந்தபுரத்திற்கு மாறினார். பிற்காலத்தில் 1871இலும் 1883இலும் திருவிதாங்கூரைப் பற்றி அவர் வெளியிட்ட இரு நூல்கள் இன்றும் வரலாற்றாசிரியர்க்குப் பயன்படுகின்றன. அவர் பாறசாலைக்கு வந்த 1859இல்தான், தோள்சீலைக் கலகத்தின் முடிவில், சாணார்ப் பெண்கள் மேலாடை அணியலாம் என்னும் அரசப் பிரகடனம் வெளிவந்தது. அக்கலகத்தின் புண் ஆறுமுன்னே பஞ்சம் வந்தது. ஒரே கிணற்றில் நீர் மொள்ளாத மக்கள் ஒரே நோயில் மடிந்தனர். நிவாரணத்திற்குப் பணம் திரட்டவும் அரிசி பங்கிடவும் ஆட்கள் இருந்தனர். வாந்திபேதி கண்டவன் வீட்டிற்குள் நுழைந்து அவன் வாயில் மருந்தை ஊற்றுவதற்குப் பயின்ற கைகளே இல்லை. அரிசி மூட்டையைக் கப்பலில் வரவழைக்கலாம். பயின்ற கையை அவ்வாறு ஒரே மாதத்தில் வரவழைக்க இயலாது.

உலகம் முழுவதுமே அந்த ஆண்டுகளில் இக்குறையை உணர்ந்துகொண்டிருந்தது. 1859இல் இத்தாலியில் சால்பரீனோப் போர்க்களத்தில் காயமுற்றோர் கவனிப்பாரின்றிக் கிடப்பதை ஹென்றி டூனான் கண்டார். அதன் பயனாக 1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கம் முளைத்தது. 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் செவிலியர் பள்ளி திறக்கப்பட்டது. நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை உலகம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலம் அது.

இனி நெய்யூருக்கு வருவோம். பாறசாலையிலிருந்து குழித்துறை வழியாகத் தெற்கே செல்வோர்க்கு அது நெடுந்தொலைவன்று. அங்கே 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்பவர் மருத்துவப் பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. 1852இன் இறுதியில் சார்லஸ் லீட்ச் என்னும் மருத்துவர் வந்து மீண்டும் மருந்தகம் நடத்தினார். மக்கள் திரண்டனர். 1854 ஆகஸ்டில் முட்டம் கடலில் நீராடச் சென்றவர் அலையால் இழுக்கப்பட்டு மாண்டார். அவரோடு மருந்தகமும் மூடப்பட்டது. ஒரே மனிதரை நம்பிய பணி அம்மனிதர் உள்ளவரையே நிற்கும் என்பதை நெய்யூர் இருமுறை அனுபவித்துவிட்டது. 1860இல் பஞ்சமும் வாந்திபேதியும் வந்த சமயத்தில் அங்கு மேனாட்டு மருத்துவர் எவரும் இலர்.

1861இன் இறுதியில் ஜான் லோ என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அங்கு வந்தார். நாள்தோறும் வாயிலில் நிற்கும் கூட்டத்தைத் தாம் ஒருவரே பார்த்துத் தீர்க்க இயலாது என்பதை விரைவில் உணர்ந்தார். ஆகவே, 1860களின் நடுப்பகுதியில் உள்ளூர் இளைஞர் சிலரைத் தேர்ந்து ஒரு வகுப்பைத் தொடங்கினார். உடற்கூறு, உடலியல், மருந்து வகைகள், நோய் நாடல், அறுவை ஆகியவற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தார். பாடம் ஒரு வேளை. மருந்தகத்தில் நோயாளியின் அருகே நின்று கற்றல் மறு வேளை. இவர்கள் மருத்துவராகவும் உபதேசியாராகவும் இரு பணிகளுக்கும் பழக்கப்பட்டனர். சமயப் பரப்புதல் அவர்தம் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. அதனை ஆராய்வது இவ்வுரையின் வேலையுமன்று. நமக்கு வேண்டுவது, அப்பயிற்சி எவ்வாறு நடத்தப்பட்டது என்பதே.

அதில் நாம் மிகவும் மதிக்கும் கூறு ஒன்றுண்டு. அக்காலத் திருவிதாங்கூரில் இன்ன சாதியான் இன்ன சாதியானுக்கு இத்தனை அடி தொலைவில் நிற்றல் வேண்டும் என்னும் கணக்கு இருந்தது. நெய்யூர் மருந்தகத் திண்ணையிலோ எல்லாச் சாதியாரும் ஒருவரை அடுத்து ஒருவர் அமர்ந்தனர். அங்கு நின்று பயின்ற இளைஞன் நாடி பார்க்கக் கற்றது ஒரு பாடம். நாடி பார்ப்பதற்கு எவர் கையையும் தொடக் கற்றது அதனினும் பெரிய பாடம். ஒருவனைத் தொட மறுப்பவன் எவ்வளவு மருந்தறிந்தவனாயினும் கொள்ளைநோய்க் காலத்தில் பயன்படான். இன்றைய சர்வதேசப் பயிற்சிகளில் பாகுபாடின்மை என்னும் கொள்கை முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அதே பாடத்தை இவர்கள் திண்ணையிற் கற்றனர்.

பயிற்சி முடிந்தவர்கள் அகஸ்தீஸ்வரம், திட்டுவிளை முதலிய ஊர்களில் கிளை மருந்தகங்களை ஏற்று நடத்தினர். 1868இல் லோ தாயகம் திரும்ப நேர்ந்தது. அடுத்த மருத்துவரான டி. எஸ். தாம்சன் வந்தது 1873இல். இடையே ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நெய்யூரில் மேனாட்டு மருத்துவர் இல்லை. லீட்ச் மாண்டபோது மருந்தகம் மூடியது போல இப்போதும் மூடியிருத்தல் வேண்டும். மூடவில்லை! லோவிடம் பயின்ற உள்ளூர் இளைஞர்களே நோயாளிகளைப் பார்த்தனர்; கிளைகளையும் காத்தனர். ஒரு பயிற்சி வெற்றி பெற்றதா என்பதை அறிவதற்குத் தேர்வுத்தாளினும் நல்ல உரைகல் இதுவே என்று நாம் கருதுகிறோம். தாம்சன் வந்து புதிய வகுப்பொன்றைத் தொடங்கியபோது, அவர் வெறுந்தரையில் அடித்தளமிட வேண்டியிருக்கவில்லை.

லோவின் கதை நெய்யூரோடு முடியவில்லை. 1871இல் அவர் எடின்பரோ நகரிலுள்ள மருத்துவ மிஷன் சங்கத்தின் பயிற்சி நிலையத்திற்குத் தலைவரானார். அச்சங்கம் 1841இல் தோன்றியது. நகரின் ஏழைகள் வாழும் கௌகேட் என்னும் தெருவில் அதன் மருந்தகம் இருந்தது. உலகின் பல மூலைகளுக்கும் செல்லவிருந்த மாணவர் அங்கே ஏழை நோயாளிகளிடையே பழகிக் கற்றனர். தென் திருவிதாங்கூரில் திண்ணையிற் கற்பித்தவர், இப்போது சீனத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் செல்வோரைக் கௌகேட் தெருவிற் கற்பித்தார். 1886இல் மருத்துவப் பணிகளைக் குறித்து ஒரு நூலும் எழுதினார். அதில் திருவிதாங்கூர் அனுபவங்கள் இடம்பெற்றுள்ளன. 1892இல் மறைந்தார்.

கௌகேட்டிற் பயின்றவருள் ஆர்தர் நீவ் என்பவர் 1882இல் காஷ்மீரம் வந்தார். 1885 மே 30 அன்று காஷ்மீரப் பள்ளத்தாக்கில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். பாரமுல்லாப் பகுதி பெரிதும் அழிந்தது. நீவ் அங்கு விரைந்து தற்காலிக மருத்துவமனை ஒன்றை அமைத்து, இடிபாடுகளில் அகப்பட்டுக் கை கால் முறிந்தோர்க்குச் சிகிச்சை செய்தார். நெய்யூரிலிருந்து எடின்பரோ, அங்கிருந்து பாரமுல்லா என்று மூன்றையும் இணைத்து ஒரு கோடு வரைந்து பாருங்கள். தமிழ் பேசும் ஒரு மூலையில் நோயாளிகளின் நடுவே பழகிய ஆசிரியர் ஒருவர் தலைமை வகித்த நிலையத்திலிருந்து புறப்பட்டவர், இமயத்தின் அடியில் இடிபாடுகளின் நடுவே நின்றிருக்கிறார்.

லோவின் வகுப்பைக் குறித்துப் பேசும்போது, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததையும் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. மத்திய சர்க்காரின் கோப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதே நமது தொழில். ஆதலால் இப்பகுதியில் நாம் சற்று நின்று செல்வதை நேயர்கள் பொறுத்தருளல் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றினார். அவரும் உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தார். என்ன நேர்ந்தது? ஆங்கிலத்திற் கற்றவர் நல்ல சம்பளத்தை நாடி அரசாங்க வேலைக்கும் பிற ஊர்களுக்கும் போய்விட்டனர். நோயாளி இருந்த கிராமத்தில் வைத்தியன் இல்லை. கிறீன் தம் முறையை மாற்றித் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அவரிடம் பயின்ற மருத்துவர் 60க்கும் மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர்.

தமிழிற் கற்பிக்கத் தமிழ்நூல் வேண்டுமல்லவா? கிறீனும் அவருடைய மாணவரும் கூடி ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம், கெமிஸ்தம் என்றெல்லாம் அந்நூல்களுக்குப் பெயர். இன்று நாம் உடற்கூற்றியல் என்று சொல்வதை அங்காதிபாதம் என்றனர். வேதியியலைக் கெமிஸ்தம் என்றே ஓசை மாறாமல் வைத்துக்கொண்டனர். பழைய சொல் கிடைத்தால் எடுத்தாள்வது, கிடைக்காவிடத்து வடமொழியின் துணையை நாடுவது, அதுவும் இயலாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்குப் பணிய வைப்பது என்று அவர்கள் கைக்கொண்ட வழி, இன்றும் கலைச்சொல்லாக்கக் குழுக்களில் மணிக்கணக்காக விவாதிக்கப்படுவதே. அவர்கள் விவாதித்து நிற்கவில்லை. மாணவன் எதிரே அமர்ந்திருந்தான், நோயாளி வாயிலிற் கிடந்தான், சொல் உடனே தேவைப்பட்டது. அவசரம் சில வேளைகளில் நல்ல அகராதிக்காரன். இந்நூல்களிற் சில நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சாயின என்பது நம் எல்லைப்புறத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இருந்த உறவைக் காட்டும். கிறீன் 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தியும் பெயர்த்தும் வந்தார், 1884இல் மறைந்தார்.

இவ்விருவர் முறையையும் ஒப்பிடுவோர்க்கு ஒன்று புலனாகும். பயிற்சியின் மொழி, பயின்றவன் எங்கே வாழ்வான் என்பதையும் தீர்மானிக்கிறது. உலகமொழியிற் கற்றவன் உலகெங்கும் செல்வான். ஊர்மொழியிற் கற்றவன் ஊரில் நிற்பான். பேரிடர் காலத்தில் இருவகையாரும் வேண்டும். ஆனால் முதல் 24 மணி நேரத்தில் உயிர் காப்பவன் ஊரில் நிற்பவனே. விமானம் வந்து சேர்வது அதற்குப் பின்னர்தான்.

இருபதாம் நூற்றாண்டில் நெய்யூருக்குப் பெரும் பெயர் தேடித்தந்தவர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல். எவரெஸ்டு மலையேறும் 1922, 1924ஆம் ஆண்டு முயற்சிகளில் பங்கு கொண்ட வீரர் என்று அவரை உலகம் அறியும். அவர் அறுவை மருத்துவராகத் தேர்ச்சியடைந்த களம் வேறு. முதல் உலகப் போரில் 1916இல் பிரான்சு நாட்டின் சோம் போர்முனைக்கு அருகே, காயமுற்றோரைப் பிரித்தனுப்பும் மருத்துவ நிலையத்தில் அவர் பணிபுரிந்தார். ஆயிரக்கணக்கானோர் புல்வெளியிற் படுக்க வைக்கப்பட்டிருந்தனர்; அறுவைக்கு அமர்ந்த மருத்துவரோ சிலர். எவனை முதலில் எடுப்பது, எவனைக் காத்திருக்கச் செய்வது, எவனைக் கைவிடுவது என்னும் கொடிய தெரிவு நாள்தோறும் இருந்தது. இன்றைய பேரிடர் மருத்துவப் பயிற்சியில் இதுவே மிக இன்றியமையாத பாடம். 1922இல் இமயத்திலிருந்து திரும்பும் வழியில் நெய்யூருக்கு வந்த சாமர்வெல், அங்கு அறுவை மருத்துவர் ஒருவரே பெருங்கூட்டத்தின் நடுவே திணறுவதைக் கண்டார். அடுத்த ஆண்டே வந்து சேர்ந்துவிட்டார். பிற்காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை கற்பித்தார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எல்லைக் கிராமமாகிய காரக்கோணத்தில் 2002இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே காலத்தில் பாறசாலைக்கு அண்மையிலுள்ள மார்த்தாண்டத்தில் வேறொரு பயிற்சியும் நடந்தது. கே. டி. பால் அவர்களின் தூண்டுதலால் கிறித்துவ வாலிபர் சங்கம் அங்கே கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை 1920களில் அமைத்தது. அதனை நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் கூட்டுறவும் அங்கே பெயர்பெற்றன; மார்த்தாண்டத் தேனை அறியாத தமிழர் இலர். ஆண்டுதோறும் சில வாரங்கள் நடந்த பயிற்சிப் பள்ளிக்குப் பல மாகாணங்களிலிருந்தும் ஊழியர் வந்தனர். தேவையுற்றவனைத் தானே எழுந்து நிற்கச் செய்வதுதான் உதவி என்பது ஹாட்சின் கொள்கை. பரோடா சமஸ்தானம் இம்முறையைக் கைக்கொண்டது; பின்னர் ஹாட்ச் மெக்சிகோவுக்கும் இம்முறையை எடுத்துச் சென்றார். பஞ்சம் வந்தபின் கஞ்சி ஊற்றுவதினும் பஞ்சம் தாக்காத வீட்டை உருவாக்குவது மேல் என்னும் இக்கருத்தை நாட்டு அரசரும் அறியாமலில்லை. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரைத் திருவிதாங்கூர் முழுதும் பரப்பியது ஏழைகளின் பசியைக் கருதியே. பாறசாலை வட்டாரத்தில் இன்றும் மீன்குழம்புடன் மரச்சீனி உண்போர், தாம் ஒரு பஞ்ச நிவாரணத் திட்டத்தை உண்கிறோம் என்று எண்ணுவதில்லை.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டன. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழர் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றுவிட்டது. நெய்யூர் ஒரு பக்கமும் பாறசாலை மறு பக்கமும் ஆயின. மிஷன் சங்கத்தின் வழிவந்த திருச்சபைப் பேராயமும் 1959இல் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாயிற்று. நோயாளிகள் மட்டும் பிரியவில்லை. எப்பக்கம் நல்ல வைத்தியம் உண்டோ அப்பக்கம் சென்றனர், இன்றும் செல்கின்றனர்.

இந்திய அரசு 1957இல் நாகபுரியில் மத்திய அவசர நிவாரணப் பயிற்சி நிலையத்தை நிறுவியது. அதுவே 1968இல் தேசியக் குடிமைப் பாதுகாப்புக் கல்லூரி ஆயிற்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் அழித்துச் சென்றபின், 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் 2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. அப்படையின் நான்காவது பிரிவு நம் அரக்கோணத்தில் இருக்கிறது. படையின் குழுக்கள் 2011இல் ஜப்பானுக்கும், 2015இல் நேபாளத்துக்கும், 2023இல் துருக்கிக்கும் சென்று பணியாற்றின. அயலார் வந்து பயிற்றிய நாடு, பயிற்சி பெற்றவரை அயலார்க்கு அனுப்பும் நாடாக மாறியது பெருமைக்குரியதே.

ஆயினும் எல்லைக் கிராமத்தின் நிலை வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது, கேரளத்தின் தென்கோடி மீனவ ஊராகிய பொழியூரிலிருந்தும், அதனை ஒட்டித் தமிழ்நாட்டில் தொடங்கும் நீரோடியிலிருந்தும், அப்பால் வள்ளவிளை, தூத்தூர் முதலிய ஊர்களிலிருந்தும் சென்றோர் கடலில் இருந்தனர். எச்சரிக்கை கரையை எட்டுமுன் பலர் ஆழ்கடலுக்குப் போய்விட்டனர். ஒரே அலையில் மாண்டவர் இரு மாநிலங்களின் பட்டியல்களில் பிரித்து எழுதப்பட்டனர். அரசின் கப்பல்கள் தேடின. மீனவரும் தம் படகுகளில் தாமே தேடச் சென்றனர். நீரோட்டம் எத்திசையில் உடலை இழுத்துச் செல்லும் என்பது அவர்கள் அறிந்த கணக்கு.

எட்டரை மாதங்கள் கழித்து, 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆறன்முளைக்கும் சென்றனர். கேரளத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் சென்ற படகுகள் 669 என்றும், அவற்றால் ஏறத்தாழ 65,000 பேர் காப்பாற்றப்பட்டனர் என்றும் அரசுக் கணக்கு கூறுகிறது. இப்பணிக்கென எவரிடமும் பயிலாதவர் இவர்கள். கடலிற் செல்லும் படகு தெருவிற் செல்லும்போது மதிலிலும் மின்கம்பியிலும் மோதுமே என்பதை அன்றன்றே கண்டு கற்றனர். அதன் பின்னரே அரசுக்கு இவர்களை முறையாகப் பயிற்றுவிக்கும் எண்ணம் வலுப்பெற்றது. மீனவ இளைஞர் சிலர் கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்திற்குக் கடல் மீட்புப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ, 2016லேயே 25 மாநிலங்களின் 30 மாவட்டங்களில் 6,000 தொண்டரைப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது.

வாந்திபேதியைப் பற்றியும் ஒரு சொல். 1860இல் பாறசாலை வட்டாரத்தாரை வாட்டிய அந்நோய்க்கு அக்காலத்தில் உறுதியான மருந்தில்லை; லோவின் மாணவர் செய்தது துணிவோடு அருகே நின்றமையே எனலாம். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மற்றோர் எல்லையூராகிய பன்காவில், திலீப் மகலாநபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த சாவு அம்முகாமில் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்தத் தாய்மார்க்குத் தேவைப்பட்ட பயிற்சி சில நிமிடங்களே. அதுவும் அவர்கள் பேசும் மொழியிலேயே சொல்லப்பட்டது.

பொழியூர்க் கரையில் இன்று வானிலை எச்சரிக்கையைத் திருவனந்தபுரம் வானொலியில் மலையாளத்திலும் நாகர்கோவில் வானொலியில் தமிழிலும் கேட்கலாம். அங்குள்ளோர்க்கு இரண்டும் விளங்கும்.